பந்தைக் கழுவிக் கொடுத்தவர்கள்

போன மாதம் நடுவர் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட இளைஞர் கையில் புதிய விதிமுறைத் தாள் ஒன்றை வைத்திருந்தார். ஆட்டக்காரர் ஒருவரின் நிறத்தையோ பிறப்பையோ சொல்லிக் கூட்டம் இழிவாகப் பேசினால் நடுவர் மூன்று படிகளில் செயல்பட வேண்டுமாம். முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. அடங்காவிட்டால் இரண்டு அணிகளையும் வெளியே அழைத்துப் போய்க் காத்திருத்தல். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடுதல். "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா சார்?" என்று கேட்டார். பேச்சு இருந்தது, படிதான் இல்லை என்றேன். பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அப்படியும் முடியவில்லை. மிச்சத்தை எங்கள் ஆண்டு மலரில் எழுதித் தாருங்கள் என்றார்கள். கிழவனை மேடையிலிருந்து இறக்க அது ஒரு நல்ல வழி.

நான் ஆர்.கே.பேட்டைக்காரன். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். நைனா தறியில் உட்காரச் சொன்னார். எனக்கு உட்காரவே வராது. ஆகவே ஓடுவதற்குச் சம்பளம் தரும் வேலையைத் தேடி, உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பு முடித்து, திருத்தணியில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் நடுவர் தேர்வும் எழுதினேன். விதிப்புத்தகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் அப்போது எங்கள் பக்கம் பேப்பரில் படித்த சமாச்சாரம். நான் விடுவேனா? கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மஞ்சள் அட்டையும், சேலைப் பெட்டி மூடியில் சிவப்பு அட்டையும் வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் தடவை மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டியபோது அந்த ஆட்டக்காரன் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, முகூர்த்தம் முடிஞ்சிட்சே சார் என்றான்.

எங்கள் பகுதி நடுவர்களுக்குத் தலைவர் கோவிந்தசாமி சார், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவருடைய காக்கி அரைக்கால் சட்டையின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். மடிப்பு கலையாமல் இருக்க மெதுவாக நடப்பார். மெதுவாக நடப்பதால், பந்து ஒரு கோடியில் இருக்கும்போது அவர் மறு கோடியில் இருப்பார். தீர்ப்பு மட்டும் அங்கிருந்தே வந்துவிடும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆட்ட அறிக்கையை அவர் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிடுவார். "ஆட்டம் இனிதே நடந்தது. பார்வையாளர்கள் உற்சாகமாக இருந்தனர்." கோல் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். பள்ளிப்பட்டில் ஒரு தடவை கோட்டு நடுவர் தலையில் செங்கல் விழுந்து நான்கு தையல் போட்டார்கள். அன்றும் பார்வையாளர்கள் உற்சாகமாகத்தான் இருந்தனர்.

அவர் எனக்குக் கொடுத்த ஒரே ஆயுதம் பஞ்சு. ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன டப்பாவைத் திறப்பார். தனக்கு இரண்டு உருண்டை, எனக்கு இரண்டு உருண்டை. "ரெஃப்ரிக்குக் கண்ணு போதும்பா. காது எதுக்கு? அவனுங்க பேசறதைக் கேட்டா நமக்குக் கோவம் வரும், கோவம் வந்தா தீர்ப்பு தப்பும்." கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருந்தது. இரண்டு வருஷம் பஞ்சு வைத்துக்கொண்டுதான் விசில் ஊதினேன். ஆட்டக்காரர்கள் என்னிடம் முறையிட வேண்டுமானால் தோளைத் தட்ட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திருத்தணியில் ஆண்டுதோறும் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். கோப்பை கொடுத்தவர் என் அக்கா கணவர் முனிரத்தினம் பாவா, தன் நைனா நினைவாக. பத்து விசைத்தறிக்குச் சொந்தக்காரர். தாராள மனசு. உள்ளூர் அணிக்கு ஜெர்சி துணி அவருடையது, இரண்டு அணிக்கும் மோர் அவருடையது, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானை அவருடையது. ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் போய் நிற்பவரும் அவர்தான். ஆனால் ஆட்டம் தொடங்கி எதிரணி கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வேறு ஆள் ஆகிவிடுவார். தறிக்கூடத்து ஆட்கள் பதினைந்து பேர் சுற்றிலும் நிற்பார்கள். கோல்கீப்பரைப் பேசியே குலைப்பதுதான் அவர்கள் வேலை. இடைவேளையில் பக்கம் மாறி கோல்கீப்பர் மறு கோடிக்குப் போனால் இவர்களும் துண்டை உதறித் தோளில் போட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார்கள். கேட்டால், "சும்மா வெளாட்டுக்குத்தான் மாப்ள. பேசாம பாக்கறதுக்கு இது இன்னா சாவு வூடா?" என்பார் பாவா.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது அரக்கோணத்து ரயில்வே குடியிருப்புப் பையன்கள் அணி. அவர்கள் கோல்கீப்பர் தேவராஜ். கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்துக் காலனிக்காரன், அரக்கோணத்தில் கூட்ஸ் வண்டிக்கு மூட்டை தூக்கும் தினக்கூலி. எந்தத் தெருப் பையன் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். கையுறை கிடையாது, விரல்களில் துணி நாடா சுற்றியிருப்பான். அன்று அவனைப் பார்ப்பதற்காகவே மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒரு பெரிய ஆபீசின் அணிக்கு ஆள் எடுப்பவர். எடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி. கோவிந்தசாமி சாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேவராஜுக்கு அந்தத் தொண்ணூறு நிமிடம்தான் பரீட்சை.

நான் நடுவர். காதில் பஞ்சு. மாலை நாலு மணிக்கு விசில் ஊதினேன்.

முதல் பாதியில் ஒன்றைக் கவனித்தேன். பந்து கோல் கோட்டைத் தாண்டிப் பின்னால் போகிற ஒவ்வொரு தடவையும் பாவாவின் ஆட்களில் ஒருவன் அதைக் காலாலேயே உருட்டிக்கொண்டு போய்ப் பானைத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அப்புறம்தான் உள்ளே உதைத்தான். எங்கள் மைதானத்தில் மாடு மேயும். அதனால் சாணி என்று நினைத்தேன். அடே, எவ்வளவு பொறுப்பான கூட்டம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒரு தடவை கையைத் தூக்கி நன்றி கூடச் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

தோல் பந்து தண்ணீர் குடித்தால் கனக்கும், வழுக்கும். முதல் கோல், தேவராஜ் மார்பில் பிடித்த பந்து நழுவி விழுந்தது. இரண்டாவது, கைக்கு நேராக வந்த பந்து விரலிடுக்கில் போனது. மெட்ராஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். உள்ளூர் இரண்டு, வெளியூர் சைபர். இடைவேளை.

தேவராஜ் நேராக என்னிடம் வந்தான். அவன் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டினான். பஞ்சை எடுத்தேன்.

"பந்த கழுவுறாங்களே சார், இன்னா சொல்லிகினே கழுவுறாங்கன்னு கேக்கலையா?"

"சாணிதானேப்பா…"

"சாணி இல்ல சார். நான் தொட்ட பந்தாம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விதியை எடுத்துச் சொல்வது போலச் சொன்னான். அதற்குள் மறு கோடியில் பாவாவின் கூட்டம் போய் இடம் பிடித்து, ஒத்திகை தொடங்கியிருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். கரிமூட்டை, தார் டின், கொரங்கு. அவன் தெருவைச் சொல்லி ஒன்று. அவன் அம்மாவைச் சொல்லி ஒன்று. அதை இங்கே எழுத மாட்டேன். நிறத்தைப் பற்றிப் பேசியதுதான் வேடிக்கை. பாவாவையும் தேவராஜையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யார் கறுப்பு என்று முடிவு செய்ய டாஸ்தான் போட வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இளம் வயது, மனப்பாட விதிகள் நாக்கின் நுனியில் நின்றன. ஆட்டத்தை இப்போதே நிறுத்தி, இந்த ஊருக்குப் போட்டியே கிடையாது என்று எழுதிவிடுகிறேன் என்றேன்.

"நிறுத்திட்டா?" என்றான் தேவராஜ். "அவனுங்க ஊட்டுக்குப் போயி காப்பி குடிப்பானுங்கோ. அந்த மெட்ராஸ்காரரு ரெண்டு கோல் உட்டவன்னு எழுதிகினு ரயிலேறிடுவாரு. எனக்கு இன்னா ஆவறது? நிறுத்தாதீங்க சார். பந்த மட்டும் காய வெச்சுக் குடுங்க."

இன்றைய தாளில் இருக்கிற மூன்று படியில் இந்தப் பையனுக்கு உதவுகிற படி எது என்று வகுப்பில் கேட்டேன். எல்லோரும் தாளைப் புரட்டினார்கள். அன்று எனக்கும் தெரியாது. இடைவேளை முடிய இருந்தது ஏழெட்டு நிமிடம்.

முதலில் கோவிந்தசாமி சாரிடம் ஓடி மாற்றுப் பந்து கேட்டேன். கொடுத்தார். தண்ணீர்ப் பானையை ஆள் விட்டுத் தூக்கி அவர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தேன். தாகம் எடுத்தால் பெரியவர் முன்னால் வந்து குடிக்கட்டும். பிறகு கோல் கம்பத்துப் பக்கம் நடந்தேன்.

இங்கே ஒரு விளக்கம். அந்தக் காலத்தில் எங்கள் கம்பங்களுக்கு வலை கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று சொல்வதற்கு ஒவ்வொரு கம்பத்துக்குப் பின்னாலும் சிவப்புக் கொடியோடு ஒருவர் நிற்பார். கோல் ஜட்ஜ் என்போம். வேறு வேலை இல்லாதவர் யாராவது நிற்பார். அன்று அந்தக் கம்பத்துக்கு நின்றவர் பாவாவின் ஆட்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த கொடியை வாங்கி பாவாவிடம் நீட்டினேன்.

"பாவா, ரெண்டாவது பாதிக்கு நீங்கதான் கோல் ஜட்ஜ்."

"நானா? எனக்கு ரூல் ஒண்ணியும் தெரியாதே மாப்ள."

"கோட்டைத் தாண்டினா தூக்குங்க, தாண்டலைன்னா கீழ வெச்சிருங்க. அவ்ளோதான். ஆனா ஆபீசர் வாயத் தொறக்கக் கூடாது. பின்னாடி நிக்கிறவங்க இன்னா பேசினாலும் அதுக்குப் பொறுப்பு கோல் ஜட்ஜு. அவர் பேர்லதான் ரிப்போர்ட்டு போவும்."

கடைசி இரண்டு வாக்கியமும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நடந்து வரும்போது உண்டாக்கியது.

எங்கள் ஊர் மனுஷனுக்கு ஒரு கொடியும் ஒரு பதவியும் கொடுத்துப் பாருங்கள். பாவா எழுந்து சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலி மேல் வைத்தார். கொடியை மார்போடு பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடம் பின்னாலிருந்து ஒருவன் கரிமூட்டை என்று கத்தினான். பாவா திரும்பி, "டேய், ஆபீசர் நிக்கிறது தெரியல?" என்றார். அதற்கப்புறம் முணுமுணுப்புதான். தறி முதலாளியே கொடி பிடித்துக்கொண்டு நிற்கும்போது தறிக்காரன் என்ன செய்வான்?

காய்ந்த பந்து. பஞ்சில்லாத காது. ரயில்வே பையன்கள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். கடைசி நிமிடம். உள்ளூர் அணியின் முன்வரிசைக்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, கோட்டின் மேலேயே நின்றது. நான் தூரத்தில் இருந்தேன். ஊர் முழுக்கக் கோல் என்று கூவியது. நான் பாவாவைப் பார்த்தேன். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். அவர் நைனா பேரில் உள்ள கோப்பை, அவர் துணியில் தைத்த ஜெர்சி. கொடி கீழேயே இருந்தது.

கோல் இல்லை என்று ஊதினேன். இரண்டுக்கு இரண்டு. கோப்பை ஆளுக்கு ஆறு மாதம்.

அதற்கப்புறம் கூட்டம் பாவா மேல் பாய்ந்தது. அதே பதினைந்து பேர் இல்லை, அவர்களுக்கு அப்பால் நின்றவர்கள். தெலுங்குக்காரர் என்பதால் கொல்ட்டி என்றார்கள். காசு வாங்கிட்டான் என்றார்கள். அவர் நிறத்தைச் சொன்னார்கள். தேவராஜுக்குச் சொன்ன அதே தார் டின். செத்துப் போன அவர் நைனாவையும் விடவில்லை. பாவா மூச்சிரைக்க என்னிடம் வந்தார். "எழுது மாப்ள. இன்னா இன்னா சொன்னானுங்களோ ஒண்ணு விடாம எழுது."

மேஜையில் கோவிந்தசாமி சாரின் அறிக்கை தயாராக இருந்தது. பார்வையாளர்கள் உற்சாகமாக இருந்தனர். அதைக் கீழே வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். விதி என்ன சொல்கிறது? இழிசொல் பற்றி எழுதினால் சொன்ன வார்த்தை அப்படியே இருக்க வேண்டும், சொன்னவர் பெயர் தெரிந்தால் அதுவும் இருக்க வேண்டும். பாவா சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்து மூச்சு விட்டார்.

"இது ஆட்டம் முடிஞ்சப்புறம் பாவா. மொத பாதில சொன்னது?"

அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"நான் பஞ்சு வெச்சிருந்தேன். எனக்குக் கேக்கல. நீங்கதான் சொல்லணும்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஐந்து வார்த்தை. பந்தைக் கழுவச் சொன்னதையும் சொன்னார். "வெளாட்டுக்குச் சொன்னதுன்னு போடு" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாகக் கூறினார் என்று அதையும் போட்டு, அவர் பெயரை முழுசாக எழுதினேன். கோவிந்தசாமி சார் இரண்டு தடவை படித்தார். "அக்கா ஊட்ல சாப்பாடு போடுவாளா?" என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். பேனா மூடியைத் திருகி, கையெழுத்துப் போட்டார். அக்கா ஆறு மாதம் சாப்பாடு போடவில்லை. பாவா மட்டும் அடுத்த வருஷமும் கொடியைத் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெட்ராஸ்காரர் அறிக்கையை வாங்கிப் படித்தார். இவ்வளவு கேட்டுக்கொண்டுமா நின்றான், நல்ல பொறுமைசாலி, அதற்காகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மைதானத்தின் மறு கோடிக்கு ஓடினேன். தேவராஜ் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

"பொறுமைக்கா சார் வேலை குடுக்கறாங்க? கோல்கீப்பர் வேலைக்குத்தான வந்தேன்?"

ஈரக் காலோடு நேராக மெட்ராஸ்காரரிடம் போனான். பேச்சு இல்லாத ஒரு மைதானத்தில் தன்னை ஒரு தடவை ஆட வைத்துப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னான். நான் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். கைக்கு வந்த வேலையை உதைக்கிறானே என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். பிறகு ஒரு தேதி சொன்னார். போனான், ஆடினான், வேலை கிடைத்தது. பதினோரு வருஷம் அந்த அணிக்கு நின்றான்.

இந்தக் கதையை அப்புறம் ஊர் ஊராகச் சொன்னேன். பாவாவின் கொடி, பாவாவின் பொத்தான், பாவா சொன்ன ஐந்து வார்த்தை. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் கண்டிகை டீக்கடையில் சில இளம் நடுவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, லீவில் வந்திருந்த தேவராஜ் பக்கத்துப் பெஞ்சில் இருந்தான். நான் கவனிக்கவில்லை. முடிந்ததும் எழுந்து வந்தான். ஒரு தடவை திருத்தணிக்கு ஆட வாயேன் என்றேன்.

"வர்ல சார்" என்றான். "எத்தினி வாட்டி கேட்டுட்டேன் இந்தக் கதைய. உங்க பாவா கொடி புடிச்சாரு, நீங்க ரிப்போர்ட்டு எழுதினீங்க. ஆங், நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கு நான் இன்னா புடிச்சேன்னு ஒரு வாட்டியாவது சொன்னீங்களா?"

டீக்குக் காசு வைத்துவிட்டுப் போய்விட்டான். பயிற்சி வகுப்பிலும் பாருங்கள், ஒரு மணி நேரமும் பாவாவைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். எனவே அறிக்கையில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் பாதி, ஏழாவது நிமிடம்: இடது ஓரத்திலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டினார்கள், குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போக வேண்டியதைத் தேவராஜ் விரல் நுனியால் மேலே தள்ளினான். இருபதாவது நிமிடம்: தனியாக ஓடி வந்தவனின் காலடியில் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டான், முழங்கை கிழிந்தது. அடுத்த கார்னர் கிக்: மூன்று தலைகளுக்கு மேலே எழும்பி, துணி சுற்றிய இரண்டு கையாலும் பிடித்தான், பந்து இம்மியும் அசையவில்லை. கடைசி நிமிடம்: கம்பத்தில் பட்ட பந்து கோட்டின் மேலேயே நின்றது என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன், மேலேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உருளுகிற பந்து தானாக எப்படி நிற்கும்? எதிர்ப்பக்கம் பாய்ந்திருந்தவன் விழுந்தபடியே பின்னால் புரண்டு, இடது கையைக் கோட்டின் மேல் அறைந்து அதை அமுக்கினான். பாவா பார்த்தது அந்தக் கையைத்தான்.